சின்ன அறைக்குச் சுவர்க்கட்டில்: வாங்குவதற்கும் செய்வதற்கும் முழுமையான வழிகாட்டி

சுவர்க்கட்டில், அதாவது பகலில் சுவரோடு மடித்துச் சாத்திவைக்கும் கட்டில், வேண்டும் என்று விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தோடுதான் வருவார்கள். தேக்கு நிற லேமினேட், உள்ளே மஞ்சள் விளக்கு, ஒரே கையால் கட்டிலை இறக்கும் ஒரு பெண். பின்னால் இருக்கும் சுவர் செங்கல்லா வேறா, மெத்தை எத்தனை கிலோ, கட்டிலைத் தூக்க உதவப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஹைட்ராலிக்கில் எத்தனை நியூட்டன் விசை என்று அடித்திருக்கிறது என்பதெல்லாம் படத்தில் தெரியாது. கட்டில் ஒழுங்காக வேலை செய்யுமா என்பதை முடிவு செய்வது அவைதான். லேமினேட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

அதனால் வரிசை இதுதான்: முதலில் சுவரையும் இடத்தையும் பாருங்கள், அடுத்து மெத்தை, அதற்கேற்ற ஃபிட்டிங்ஸ் (கீல், ஹைட்ராலிக், கால்கள்), எல்லாவற்றுக்கும் கடைசியில் கட்டில் மடிந்து அடங்கும் பெட்டி. நம் ஊரில் நடப்பது நேர்த் தலைகீழ். ஆசாரி வந்து அளவெடுத்துப் பெட்டியை அடித்துவிடுவார். அப்புறம் கடையில் கிடைக்கிற ஹைட்ராலிக், வீட்டில் இருக்கிற பழைய மெத்தை. அப்படிச் செய்த கட்டில் ஒன்று தூக்க முடியாமல் கனக்கும், இல்லை இறக்கினால் கீழே நிற்காமல் எழும்பும்.

சுவர்க்கட்டில், சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்த வில்லியம் லாரன்ஸ் மர்ஃபி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலமாக்கிய ஏற்பாடு. அமெரிக்காவில் இன்றும் ‘மர்ஃபி பெட்’ என்றுதான் சொல்கிறார்கள். பகலில் சுருட்டி மூலையில் சாத்திவைக்கும் பாய் நமக்கு அதற்கும் மூத்தது. தரையில் படுத்து எழ முடிகிறவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில், வருஷத்தில் நாலு நாள் வரும் விருந்தாளிக்காகச் சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. நல்ல கோரைப்பாயும் மூன்றாக மடியும் ஃபோம் மெத்தையும் போதும். முழங்கால் வலியோடு அம்மா வந்து மாதக்கணக்கில் தங்குவார், அல்லது பகலில் அந்த அறையில் உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும் என்றால், மேலே படியுங்கள்.

படி 1: நின்றவாக்கிலா, படுத்தவாக்கிலா

சுவர்க்கட்டில் இரண்டு விதம். ஒன்றில் தலைமாடு சுவரில் இருக்கும், கால்மாட்டைத் தூக்கினால் கட்டில் நெட்டுக்குத்தலாக நிற்கும். மற்றதில் கட்டிலின் நீளப்பக்கம் சுவரை ஒட்டியிருக்கும், பக்கவாட்டில் தூக்கிச் சாத்துவோம். முதலாவதை நின்றவாக்கு என்றும் இரண்டாவதைப் படுத்தவாக்கு என்றும் வைத்துக்கொள்வோம்.

படங்களில் வருவது பெரும்பாலும் நின்றவாக்கில் மடியும் குயின் அளவு. மெத்தை 78 அங்குலம் நீளம், 60 அங்குலம் அகலம். விரித்தால் சுவரிலிருந்து ஏறக்குறைய 7 அடி முன்னால் வரும். பத்தடி அறையில் மிச்சம் மூன்றடி. மடித்தால் பெட்டியின் உயரம் 7 முதல் 7¼ அடி. இங்கேதான் நம் ஃபிளாட்டுகளில் முட்டும். லாஃப்டின் அடிப்பக்கம் பல வீடுகளில் தரையிலிருந்து 7 அடியில் இருக்கிறது. லாஃப்ட் உள்ள சுவரில் நின்றவாக்குக் கட்டில் நுழையாது.

படுத்தவாக்கில் 78-க்கு 36 அளவு ஒற்றைக் கட்டில் என்றால் மடித்தபோது உயரம் மூன்றரை அடிதான். மேலே புத்தக அலமாரி வைக்கலாம், லாஃப்ட் அதன் இடத்திலேயே இருக்கலாம். விரித்தால் மூன்றரை அடிதான் முன்னால் வரும். ஆனால் ஏழடி நீளத்துக்கு ஜன்னலோ கதவோ இல்லாத சுவர் வேண்டும்.

என்னைக் கேட்டால், சின்ன அறை வைத்திருக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் படுத்தவாக்கு ஒற்றைக் கட்டில்தான் சரி. தம்பதி தினமும் படுக்கப் போகிறார்கள் என்றால் மட்டும் குயினைப் பற்றி யோசிக்கலாம்.

முடிவு செய்யும் முன் தரையில் சாக்பீஸால் கட்டிலை வரையுங்கள். ஒரு நூலைக் கட்டிலின் நீளத்துக்கு வெட்டி (படுத்தவாக்கு என்றால் அகலத்துக்கு), ஒரு நுனியைச் சுவரோரம் கீல் வரப்போகும் இடத்தில் பிடித்து, மறு நுனியைத் தரையிலிருந்து சுவர்வரை வளைவாகக் கொண்டுபோங்கள். அலமாரிக் கதவின் கைப்பிடி, தொங்கும் விளக்கு, மேசை விளிம்பு எதில் முட்டுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். சீலிங் ஃபேன் பெரும்பாலும் தப்பிவிடும். ஏசியைத்தான் கவனிக்க வேண்டும். ஏசி மாட்டிய சுவரில், அதற்கு நேர் கீழே கட்டில் பெட்டியை வைக்காதீர்கள். தண்ணீர்க் குழாய் ஒருநாள் அடைக்கும், சொட்டுவது நேராக மெத்தையில் இறங்கும்.

படி 2: சுவரைச் சோதிப்பது

கட்டில் பாதி இறங்கியிருக்கும் நிலையை மனதில் கொண்டுவாருங்கள். கால் இன்னும் தரையைத் தொடவில்லை. மொத்த எடையும் பெட்டியை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கிறது. அந்த நேரத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது சுவரில் இறங்கிய சில போல்ட்டுகள் மட்டுமே.

அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் ஏறத்தாழ 1,29,000 சுவர்க்கட்டில்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பை வெளியிட்டது. சுவரில் சரியாகப் பொருத்தாவிட்டால் கட்டில் பிடியிழந்து மேலே விழுகிறது என்பதுதான் காரணம். 79 வயதுப் பெண் ஒருவர் அதில் இறந்திருந்தார். ஆலையில் செய்த கட்டிலுக்கே இந்தக் கதி. அதனால் இந்தப் படியில் மட்டும் யாருடைய ‘பார்த்துக்கலாம் சார்’ என்ற பேச்சையும் கேட்காதீர்கள்.

சுவர் எது என்று தெரியவில்லையா? பெட்டி வந்தபின் மறைந்துவிடும் இடத்தில் சின்னதாக ஒரு துளை போட்டு, விழும் தூளைக் கையில் ஏந்திப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். வெளிறிய நிறத்தில் மாவு போல வந்து, டிரில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்). சாம்பல் நிறத் தூளோடு டிரில் முனகி முனகி இறங்கினால் கான்கிரீட். தட்டினால் டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் ஜிப்சம் பலகைத் தடுப்பு.

கான்கிரீட்டில் சாதாரண ஆங்கர் போல்ட் போதும். 9 அங்குலச் செங்கல் சுவரில் 10 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளமுள்ள நைலான் பிளக்கோடு வரும் திருகு போடலாம். துளை செங்கல்லின் நடுவில் விழ வேண்டும், இரண்டு செங்கல்லுக்கு இடையிலான கலவையில் விழக் கூடாது. பூச்சின் கனம் அரை அங்குலத்துக்குக் குறையாது. அது எதையும் தாங்காது, அதனால் அந்தக் கனத்தைக் கழித்துவிட்டு உள்ளே எவ்வளவு இறங்குகிறது என்று கணக்குப் போடுங்கள். நாலரை அங்குலத் தடுப்புச்சுவர் ஒற்றைக் கட்டிலுக்குத் தாங்கும். ஆனால் துளை அடுத்த அறையில் எட்டிப்பார்க்காதபடி டிரில் பிட்டில் டேப் ஒட்டி ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏஏசி பிளாக்கில் வெறும் ராவல் பிளக் போட்டால் கையோடு வந்துவிடும். அதற்கென்றே வரும் நீண்ட நைலான் ஆங்கர், இல்லாவிட்டால் துளையில் பசை நிரப்பி இறக்கும் கெமிக்கல் ஆங்கர் வேண்டும். ஜிப்சம் தடுப்பில் கட்டிலை மாட்டவே வேண்டாம்.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும், அந்த நேர்கோட்டில் துளைக்காதீர்கள். குளியலறையை ஒட்டிய சுவரில் குழாயும் இருக்கும், ஓதமும் இருக்கும். வெளிச்சுவர் என்றால் ஒரு சோதனை: இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் முதலில் ஓதத்தைச் சரிசெய்யுங்கள், கட்டில் அப்புறம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தச் சோதனை செய்தால் சுவர் உண்மையைச் சொல்லிவிடும்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் அனுமதி எழுத்தில் வேண்டும். கிடைக்காவிட்டால் சோஃபா கம் பெட் பக்கம் போங்கள். சுவரில் மாட்டாமல் சும்மா நிறுத்திவைக்கும் சுவர்க்கட்டில் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

படி 3: மெத்தை

மெத்தையை முதலில் வாங்குங்கள், குறைந்தபட்சம் எது என்று முடிவு செய்து எடையையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

இலவம்பஞ்சு மெத்தை இதற்கு ஆகாது. தினமும் நிறுத்திவைத்தால் பஞ்சு ஒரு பக்கமாக இறங்கிக் கட்டிக்கொள்ளும். தென்னைநார் மெத்தை நிற்கும், ஆனால் கனம். கணக்கைப் பாருங்கள்: 78-க்கு 60, 6 அங்குல மெத்தையின் கன அளவு சுமார் 0.46 கன மீட்டர். ஃபோமின் அடர்த்தி 40 என்றால் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ என்று பொருள், ஆக மெத்தை 18 கிலோ சொச்சம். அதே அளவு தென்னைநார் மெத்தை இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஒற்றைக் கட்டிலுக்கு 5 அல்லது 6 அங்குல ஃபோம் மெத்தை, சுமார் 10 கிலோ. இதுவே என் தேர்வு.

6 அங்குலத்துக்கு மேல் போனால் பெட்டியின் ஆழமும் கூடும், அதைச் சின்ன அறை மன்னிக்காது.

படி 4: ஃபிட்டிங்ஸ்

கீல், ஹைட்ராலிக், கால்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுப்பாக, பொருத்தும் வரைபடத்தோடு கிடைக்கின்றன. ஹாஃபெலே போன்ற நிறுவனங்களும் விற்கின்றன, பெயர் தெரியாத இறக்குமதிகளும் உண்டு. எதை வாங்கினாலும் வரைபடம் இல்லாததை வாங்காதீர்கள். கீல் எந்த உயரத்தில், பக்கத்துக்கு எவ்வளவு இடைவெளி, எத்தனை கிலோ வரை தாங்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும். ஆசாரி அதைப் பார்த்துத்தான் பலகை அறுக்க வேண்டும்.

நாம் ஹைட்ராலிக் என்று சொல்வது உண்மையில் அழுத்திய நைட்ரஜன் அடைத்த குழாய். அதன் விசை நியூட்டனில் குழாய்மேலேயே அச்சடித்திருக்கும், 600N, 1000N என்று. எவ்வளவு வேண்டும்? பிளைவுட் சட்டம், முகப்பு, மெத்தை எல்லாம் சேர்த்து நின்றவாக்குக் குயின் கட்டில் 80 கிலோ அளவுக்கு வரும். எடையின் மையம் கீலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. 80 × 9.8 × 1 என்றால் சுமார் 784 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை, அதாவது கட்டிலைக் கீலைச் சுற்றிக் கீழே திருப்பப் பார்க்கும் விசை. படுத்தவாக்கு ஒற்றைக் கட்டில் 52 கிலோ, மையம் அரை மீட்டரில். 52 × 9.8 × 0.5 என்றால் 255. மூன்றில் ஒரு பங்குதான். கீல், போல்ட், சுவர் எல்லாவற்றுக்கும் அந்த அளவுக்கு நிம்மதி. ஒற்றைக் கட்டிலை நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஹைட்ராலிக்கின் நேர்கோட்டுக்கும் கீலுக்கும் இடையே செங்குத்தாக 20 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 255-ஐ 0.2-ஆல் வகுக்க 1,275 நியூட்டன் வரும். இரண்டு பக்கத்துக்கும் பிரித்தால் ஆளுக்கு 600-லிருந்து 650. கட்டில் விரித்த நிலையில் தானாக எழும்பாமல் இருக்க வேண்டும் என்பதால், கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே போடுவது நல்லது.

படி 5: பலகை

பார்ட்டிகிள் போர்டு வேண்டாம். தினமும் இழுபடும் திருகு அதில் தளர்ந்துவிடும். ஐஎஸ் 303 என்ற இந்தியத் தரத்தில் பிடபிள்யூஆர் (கொதிநீரைத் தாங்கும்) பிளைவுட் போதும். தரைத்தளம், கடலோரம், ஓதம் என்றால் ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்) போங்கள். கடையில் 18 மி.மீ. என்று தருவது 16 ஆக இருக்கலாம், டேப்பை வைத்துப் பார்க்கத் தயங்காதீர்கள்.

எட்டுக்கு நாலடி ஷீட்டில் ஒற்றைக் கட்டில் வசதியாக அடங்கும். குயின் அளவில் முகப்பு 60 அங்குலத்துக்கு மேல், ஷீட்டின் அகலமோ 48. ஆக நடுவில் இணைப்பு வந்தே தீரும். அதன் பின்னால் குறுக்குச் சட்டம் அடிக்காவிட்டால் ஒரு வருஷத்தில் கோடு தெரியும்.

ஒற்றைக் கட்டிலுக்கு என் கணக்கு: பெட்டிக்கும் பக்கச் சட்டங்களுக்கும் 18 மி.மீ. ஷீட் இரண்டு, முகப்புக்கு 12 மி.மீ. ஒன்று, மெத்தை உட்காரும் தளத்துக்கு 9 மி.மீ. ஒன்று. முகப்புக்கும் தளத்துக்கும் நடுவில் ஒன்றரை அங்குலக் குறுக்குச் சட்டங்கள். எல்லாவற்றையும் 18-இல் செய்தால் பலம் என்று ஆசாரி சொல்வார். கூடுவது பத்துக் கிலோவுக்கு மேல் எடைதான், பலத்தைத் தருவது குறுக்குச் சட்டம்.

தளத்தில் ஓரங்குல ஓட்டைகளை ஒரு சாண் இடைவெளியில் போடச் சொல்லுங்கள். சென்னைப் புழுக்கத்தில் வியர்த்த மெத்தையை மூடிய பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

படி 6: செய்யும் வரிசை

மெத்தை 78-க்கு 36 என்றால் சட்டத்தின் உள்ளளவு 79-க்கு 37 வையுங்கள். போர்வையைச் செருகப் பக்கத்துக்கு அரை அங்குலம் வேண்டும். சட்டத்தின் வெளியளவோடு ஃபிட்டிங்ஸ் தாள் சொல்லும் இடைவெளியைச் சேர்த்தால் பெட்டியின் உள்ளளவு. ஆழம் தலையணையோடு மடிப்பதென்றால் 16 அங்குலம், தலையணையை வேறிடத்தில் வைப்பதென்றால் 14.

சட்டமும் பெட்டியும் தனித்தனியே முடிந்ததும் மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து பெட்டியைச் சுவரில் ஏற்றி ரசமட்டம் பாருங்கள். நம் சுவர்கள் நேராக இருப்பது அபூர்வம். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே சந்து இருந்தால் பிளைவுட் துண்டைச் செருகி நிரப்பிய பிறகே போல்ட்டை முறுக்க வேண்டும். சந்தை விட்டுவிட்டு முறுக்கினால் பெட்டி கோணிக்கொள்ளும், கட்டில் ஒரு பக்கம் உரசும். குறைந்தது ஆறு போல்ட், அதில் நாலு மேல்பக்கம்.

கீல் தகட்டை மரத்திருகால் பிடிக்காதீர்கள். பலகையை ஊடுருவிப் போகும் போல்ட், பின்னால் வாஷரும் நட்டும்.

இப்போது கட்டிலைக் கீலில் மாட்டி, இரண்டு பேர் பிடித்து விரித்து, மெத்தையையும் போட்டுவிடுங்கள். ஹைட்ராலிக் இன்னும் போடவில்லை. உடல் எடை பார்க்கும் மெஷினைக் கால்களுக்குக் கீழே, இரண்டு காலும் அதன்மேல் ஒரு பலகை வழியாக நிற்கும்படி வையுங்கள். அது காட்டும் கிலோவை 9.8-ஆலும், கீலிலிருந்து காலுக்கு உள்ள தூரத்தாலும் பெருக்கினால் உங்கள் கட்டிலின் உண்மையான திருப்புவிசை வந்துவிடும். படி 4-இல் போட்டது உத்தேசம், இதுதான் நிஜம். கடைக்காரரிடம் முன்பே பேசிவைத்தால் இந்த எண்ணைச் சொல்லி ஹைட்ராலிக்கை மாற்றிக்கொள்ளலாம்.

ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் கடைசி. அது மாட்டியபின் மெத்தை இல்லாமல் கட்டிலை இறக்கக் கூடாது. கையை விட்டால் தாடையில் அடிக்கும் வேகத்தில் மேலே போகும். பெரும்பாலான வகைகளில் மெல்லிய தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும், உள்ளே இருக்கும் எண்ணெய், வாயுவை அடைத்திருக்கும் சீல் வளையத்தை நனைத்துக்கொண்டே இருக்க அதுதான் வழி.

சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க: முழங்கால் உயரத்தில் கட்டிலை மெதுவாக விட்டால் அது நிதானமாகத் தரைக்கு வர வேண்டும், தடாலென்று விழக் கூடாது. கீழே வந்தது அங்கேயே இருக்க வேண்டும். ஒரு கையால் தூக்க முடிய வேண்டும். மெத்தையை இரண்டு பட்டைகளால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள், மடிக்கும்போது சரியாமல் இருக்கும். மூடிய நிலையில் ஒரு தாழ்ப்பாள், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில்.

ரெடிமேடாக வாங்குகிறீர்களா

மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் கேள்விகளாகப் பொருந்தும். மெத்தையின் கனமும் எடையும் எதுவரை, எங்கள் சுவருக்கு என்ன போல்ட் தருவீர்கள், பொருத்துவது உங்கள் ஆளா, ஹைட்ராலிக் தனியாகக் கிடைக்குமா. ஷோரூமில் விற்பனையாளர் இறக்கிக் காட்டுவதைப் பார்ப்பதோடு விடாதீர்கள், வீட்டில் யார் தினமும் மடிக்கப்போகிறாரோ அவரே செய்து பார்க்கட்டும். குயின் கட்டிலின் முகப்பு ஒரே பலகையாக வந்தால் லிஃப்டில் ஏறாது. மாடிப்படி வளைவையும் அளந்து சொல்லிவிடுங்கள்.

பராமரிப்பு

காலையில் எழுந்ததும் மடிக்காமல் அரைமணி நேரம் ஃபேனைப் போட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கீல் போல்ட்டையும் சுவர் போல்ட்டையும் முறுக்கிப் பாருங்கள். கட்டில் வரவரக் கனக்கிறது என்றால் ஹைட்ராலிக்கில் வாயு இறங்கிவிட்டது. ஒன்றை மட்டும் மாற்றினால் சட்டம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். கழற்றுவது கட்டில் மடித்து நிற்கும்போது, தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு. தண்டு முழுதாக நீண்டிருக்கும் அந்த நிலையில்தான் அதில் விசை குறைவு. வீடு மாறும்போதும் முதலில் வெளியே வர வேண்டியது அதுவே. பழைய குழாயை இரும்புக்கடையில் போடுவதானால், உள்ளே வாயு இருக்கிறது, வெட்டவோ தீயில் போடவோ கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.